இரண்டு வரி போதுமா? பட்டிமன்றத்தில் ‘வேண்டும்’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை நெரிசலையும் பாராமல் பிரிக்பீல்ட்ஸ் வரை வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஃபைல் பெயரிலிருந்து எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைலின் வகையைச் சொல்லும் புள்ளிக்குப் பின்னுள்ள துண்டை, பிரிக்க, மாற்ற, சேர்க்க உதவும் மெத்தட்கள் என்னும் தயார்நிலைக் கட்டளைகள் ஒரு புரோகிராமிங் மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே வேண்டுமா, அவரவர் எழுதிக்கொண்டால் போதுமா? வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவரோ, “புள்ளியைத் தேடு, வெட்டு, முடிந்தது. இரண்டு வரிக்கு ஒரு லைப்ரரியா?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அந்த இரண்டு வரியையே பார்ப்போம். நம் வீட்டுப் பையன் ரவி வேலைக்கு மனுப் போடுகிறான். அப்பா பெயரின் முதலெழுத்தை நாம் விட்டுக்கொடுப்போமா? ‘எஸ்.ரவி.பிடிஎஃப்’ என்று அனுப்புகிறான். வாங்குகிற நிரல் பெயரைப் புள்ளியில் உடைத்து, இரண்டாவது துண்டை எக்ஸ்டென்ஷன் என்று எடுக்கிறது. கிடைப்பது என்ன? ‘ரவி’! ரவி வகை ஃபைல்களை ஏற்பதில்லை என்று பதில் வருகிறது. பையன் மேல் என்ன தப்பு, ஐயா?

“சரி, கடைசிப் புள்ளியைப் பார்” என்பார்கள். ‘வி1.2’ என்ற ஃபோல்டருக்குள் ‘ரீட்மி’ என்று எக்ஸ்டென்ஷனே இல்லாத ஒரு ஃபைல். முழுப் பாதையிலும் தேடினால் கடைசிப் புள்ளி ஃபோல்டர் பெயரில் நிற்கிறது. ‘2/ரீட்மி’ என்றொரு எக்ஸ்டென்ஷன் பிறக்கும். அதையும் சரிசெய்தால் ‘.பேஷ்ஆர்சி’ என்றொரு செட்டிங்ஸ் ஃபைல் வரும். புள்ளியிலேயே தொடங்கும் பெயர். பைத்தான் மொழியில் எக்ஸ்டென்ஷனைப் பிரிக்கும் ஸ்பிளிட்எக்ஸ்ட் அதற்கு எக்ஸ்டென்ஷன் இல்லை என்கிறது. கோ மொழியில் அதே வேலையைச் செய்யும் எக்ஸ்ட், அந்த மாதிரிப் பெயர் முழுவதுமே எக்ஸ்டென்ஷன் என்கிறது.

எதிரணி குறிப்பெடுப்பது தெரிகிறது! லைப்ரரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்று கேட்கப் போகிறீர்கள். கோ சொல்வது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனாலும் இரண்டு மொழிகள் மாறுபட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஒரே மொழியில், ஒரே ஆபீஸில், பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் மாறுபட்டால்? கோவின் விடை ஊரறிய எழுதி வைத்த விடை. உங்கள் இரண்டு வரி என்ன சொல்லும் என்பது எழுதினவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

லைப்ரரியும் சறுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ‘எஸ்.ரவி’ என்று வெறும் பெயர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை மாற்றும் பைத்தானின் வித்_சஃபிக்ஸிடம் பிடிஎஃப் போடு என்றால் ‘எஸ்.பிடிஎஃப்’ ஆக்கிவிடும். ரவி காலி. ரஸ்ட் மொழியின் வித்_எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஆனால் ரஸ்ட்காரர்கள் என்ன செய்தார்கள்? இருப்பதைத் தொடாமல் கடைசியில் சேர்க்க மட்டும் தனி மெத்தட் ஒன்றை, ஆட்_எக்ஸ்டென்ஷன் என்று, 2025-இல் 1.91 பதிப்பில் நிலைப்படுத்தினார்கள். ஓரிடத்தில் சேர்த்தார்கள், அத்தனை பேருக்கும் கிடைத்தது. ஆளாளுக்கு எழுதிய இரண்டு வரிகளை யார் வீடு வீடாகப் போய்த் திருத்துவது?

இது வெறும் வசதிப் பேச்சும் இல்லை. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸ் எந்தப் பெயரில் வந்தது? லவ் லெட்டர் ஃபார் யூ, புள்ளி டிஎக்ஸ்டி, புள்ளி விபிஎஸ். இது ஓடும் நிரல் என்று காட்டும் அந்தக் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்தது. பார்த்தவர்கள் சாதாரண எழுத்து ஃபைல் என்று நம்பித் திறந்தார்கள். இரண்டாவது துண்டை எடுக்கும் உங்கள் நிரலும் ‘டிஎக்ஸ்டி’ என்றுதான் சொல்லும், தலைவரே.

ஜாவா மொழியையும் இழுத்தீர்கள். அதன் ஜேடிகே 20 பதிப்புக்காக, ஃபைல் பாதைகளைக் கையாளும் ‘பாத்’ என்ற பகுதியில், எக்ஸ்டென்ஷனை எடுத்துத்தரும் கெட்எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்களே என்றீர்கள். உண்மை. மொழியையே கட்டுகிறவர்கள் சேர்த்துவிட்டுத் திரும்ப எடுக்கிற அளவு சிக்கலான விஷயம், மதியச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் முடிக்கிற இரண்டு வரி வேலையா?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. ‘டார்.ஜீஇசட்’ என்று முடியும், பல ஃபைல்களைக் கட்டிச் சுருக்கிய ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் ஒன்றா, இரண்டா? பைத்தானில் கடைசியை மட்டும் தரும் சஃபிக்ஸ், எல்லாவற்றையும் தரும் சஃபிக்ஸஸ் என்று இரண்டுக்குமே வழி உண்டு. நீங்கள் விடையைத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் அணித் தோழரும் தனியாக எழுதட்டும். இரண்டு தாளையும் நடுவர் ஐயா வாசிக்கட்டும்.