ஒத்துப் பேசினால் வாரிசு, மறுத்துப் பேசினால் துரோகியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அரசியல்வாதியின் பிள்ளை ஊடகத்தில் உட்கார்ந்து எதிர்க்கொள்கை பேசுவது உரிமையா, துரோகமா என்பது தலைப்பு. உரிமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அமெரிக்க முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகனின் மகன் ரான் ரீகனைக் காட்டி, "அப்பா பெயரால் கிடைத்த மைக்கில் அப்பா கட்சியையே தாக்குகிறார். இது உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த வீட்டுக்கே போவோம்.

ரொனால்டு ரீகன் 1981 முதல் 1989 வரை அதிபர். குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர். அவருடைய மூத்த மகன் மைக்கேல் வானொலியில் அப்பாவின் வலதுசாரிக் கொள்கைக்காகப் பேசியவர். இளையவர் ரான் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதற்கு நேரெதிராகப் பேசியவர், தான் நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டது ஒரே பெயர்தான். அப்படியிருக்க, பழி மட்டும் ஏன் இளையவர் தலையில் விழுகிறது? பெயரைப் பயன்படுத்துவது குற்றம் என்றால் ஆமாம் போடும் பிள்ளையையும் அதே கூண்டில் நிறுத்துங்கள். அவரை வாரிசு என்று மாலை போட்டு வரவேற்றுவிட்டு, இவரை மட்டும் துரோகி என்றால் உங்களுக்குக் கோபம் பெயர் மேல் இல்லை, கருத்து மேல்தான்.

2004 ஜூன் 5 அன்று ரீகன் இறந்தார். தனக்கு நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் என்று 1994-இல் அவரே நாட்டுக்கு எழுதிச் சொல்லியிருந்தார். பத்தாண்டுகள் அந்த வீடு பட்ட வேதனையை நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதமே பாஸ்டனில் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டு மேடையில் ரான் ஏறினார். எதிரணிக்கு இதுதான் பெரிய குற்றம். ஆனால் அங்கே அவர் பேசியது என்ன? கருமூலச் செல் ஆராய்ச்சிக்கு, அதாவது மனிதக் கருவின் தொடக்கச் செல்களைக் கொண்டு நோய்களுக்குச் சிகிச்சை தேடும் முயற்சிக்கு, ஆதரவு. அந்த ஆராய்ச்சிக்கான அரசு நிதிக்கு 2001-இல் கடுமையான வரம்பு போட்டவர் அப்பாவின் கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ். இது கட்சிப் பேச்சு இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ரான் பேசினார். அதே ஆராய்ச்சியை ரீகனின் மனைவி நான்சியும் வெளிப்படையாக ஆதரித்தார். அந்த அம்மாவையும் துரோகி என்பீர்களா?

"வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாமே" என்றார் இன்னொரு நண்பர். ரீகனின் மகள் பாட்டி டேவிஸ் அதையும் செய்து பார்த்தார். அணு ஆயுதத்தை எதிர்த்த மருத்துவர் ஹெலன் கால்டிகாட்டை 1982-இல் வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் போய் அப்பாவோடு உட்கார வைத்தார். அப்பா மனம் மாறவில்லை. அதிபரின் முடிவு வீட்டு விவகாரமா? அதன் விளைவு ஊருக்கெல்லாம் வரும்போது பதிலும் ஊரறியத்தான் வரும். குடும்ப ரகசியத்தைக் கடைவிரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. கொள்கையை மறுப்பது வேறு.

அப்புறம், "தந்தை சொல் மிக்க மந்திரமில்லை" என்றார்கள். இரணியன் வீட்டுப் பிரகலாதனையும் நம்மவர்கள்தானே கொண்டாடுகிறார்கள்?

கடைசியாக ஒன்று. ரீகனின் அப்பா ஜாக் உறுதியான ஜனநாயகக் கட்சிக்காரர். அதே கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் நிவாரணத் திட்டத்தில் வேலை பார்த்தவர். மகனும் அந்தக் கட்சியில்தான் இருந்தார். 1948-இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் ட்ரூமனுக்காகப் பிரசாரம் செய்தார். அப்புறம் மனம் மாறி 1962-இல் குடியரசுக் கட்சிக்குப் போனார், 1964-இல் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்டுவாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசித்தான் அரசியலில் பெயர் வாங்கினார். அப்பாவின் கட்சியை விட்டு எதிர்க்கருத்தைப் பேசிய பிள்ளைதான் அந்த ரொனால்டு ரீகனும்! ரான் செய்தது இரண்டகம் என்றால், ஜாக்கின் மகன் செய்தது என்ன? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.