டிஃபால்ட்டைத் தொடாமல் ஜிசிசி 14

வணக்கம். ஜிசிசி என்பது சி, சி++ கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர். உபுண்டு லினக்ஸ் 24.04-இல் அதன் 13-ஆம் பதிப்புதான் டிஃபால்ட். நீங்கள் எடுத்த ப்ராஜெக்ட் 14 கேட்கிறது. உடனே அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் என்ற கட்டளையைப் போட்டு டிஃபால்ட்டையே மாற்றிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த 13-ஐ நம்பி சிஸ்டத்தில் வேறு வேலைகளும் நடக்கின்றன. புதுக் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) வந்தால், டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் டிரைவர் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யும். கர்னலை உருவாக்கியது ஒரு கம்பைலர், மாட்யூலுக்கு வேறொன்று என்றால் அங்கே பிரச்சினை வரலாம். எப்போதோ டிஃபால்ட்டை மாற்றியதுதான் காரணம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

சரி, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது சுலபம். பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் மூலம் ஜிசிசி-14, ஜி++-14 (இது சி++-க்கு) இரண்டு பேக்கேஜையும் போடுங்கள். பெயரிலேயே எண் இருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. வெறும் ஜிசிசி என்பது 13-க்குப் போகும் சிம்லிங்க், அதாவது அதைச் சுட்டும் ஒரு குறுக்குவழி. அது அப்படியே இருக்கும்.

அப்புறம் அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் சிசி (சி-க்கு), சிஎக்ஸ்எக்ஸ் (சி++-க்கு) என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிளிலும் 14-ஐக் கொடுங்கள். சிசியை மட்டும் மாற்றினால் சி++ ஃபைல்கள் 13-இலேயே கம்பைல் ஆகும். பில்ட்டை அமைத்துத் தரும் சிமேக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனியுங்கள்: முதல் முறை கண்டுபிடித்த கம்பைலரை அது கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு வேரியபிளை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. அதனால் 14-க்குத் தனி பில்ட் ஃபோல்டர் வைப்பதுதான் நல்லது. கான்ஃபிகர் ஆகும்போது எந்தக் கம்பைலர் என்று அதுவே திரையில் காட்டும், பாருங்கள்.

பழைய சி கோட் 14-இல் நின்றுபோனால் பதற வேண்டாம். அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது 13-இல் வெறும் வார்னிங், 14-இல் எரர். கோடைத் திருத்துவதே சரியான வழி. அதுவரை அந்தக் கோடுக்கு 13 இருக்கிறதே! இரண்டும் கையில் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

14-இல் செய்த புரோகிராம் அதே மெஷினில் நன்றாக ஓடும், ஏனென்றால் 24.04-இல் இருக்கும் லிப்எஸ்டிடிசி++ (சி++ புரோகிராம்களுக்கான லைப்ரரி) ஏற்கெனவே 14-இலிருந்து வந்ததுதான். ஆனால் பழைய உபுண்டு 22.04-க்கு எடுத்துப்போனால் நிலைமை வேறு. லிப்எஸ்டிடிசி++-ஐ ஸ்டாட்டிக்காக, அதாவது புரோகிராமுக்குள்ளேயே, சேர்த்தாலும் சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி தடுக்கலாம்: அதன் பதிப்பு இங்கே 2.39, அங்கே 2.35. அங்கே ஓட வேண்டியதை 22.04 கன்டெய்னருக்குள்ளேயே (உங்கள் மெஷினில் தனியாக இயங்கும் 22.04 சூழல்) பில்ட் செய்துவிடுங்கள்.