நீர்பாய்ச்சியின் மண்வெட்டி

நேயர்களுக்கு வணக்கம். தேசப்பற்று என்றதும் எல்லைக்காவலும் கொடியேற்றமும் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு மண்வெட்டி நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாய் நிறைந்தால்தான் களம் நிறையும். என் சின்ன வயதில் ஊருக்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள், அதுதான் கூலி. ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கண்மாய்த் தண்ணீர் பாய்கிற அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

ஓர் ஐப்பசி இரவு, விடாத அடைமழை. அப்பாவோடு நானும் கரைக்குப் போனேன். கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நீர்பாய்ச்சி அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாக வந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, விடிவதற்குள் உடைப்பு. கலங்கித்தான் இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் ஊரே எழுந்து வந்தது. வைக்கோலும் மண்மூட்டையுமாக விடியவிடியப் போராடினார்கள். கரை நின்றது. ஒரு குழி நிலம் இல்லாதவர் காத்த கரை அது!

இதற்குக் குடிமராமத்து என்று நம் பக்கம் பெயரே உண்டு. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டுவது, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கைச் சரிபார்ப்பது. 1895-இல் பெரியாறு அணை வந்து மேலூருக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகும், வயலுக்கு மேலே இருக்கிற கரையைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தன்னுடையதாக நினைத்து ராத்திரியில் எழுந்து போகிற மனசு இருக்கிறதே, அதைத்தான் நான் தேசப்பற்று என்கிறேன். இன்று அதே வரத்துக்காலில் நாமே குப்பையைக் கொட்டுகிறோம். மனசு வலிக்கிறது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். காந்தியடிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டு, 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். மேலமாசி வீதியில் அந்த வீடு இன்னமும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வணக்கம்.