விடுமுறையில் ஒரு வரைதல் கொப்பி

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன், நீர்வர்ணத்தில் படம் வரைகிறேன். விடுமுறையில் ஓர் ஓவியர் எங்கே போவார், என்ன பார்ப்பார் என்று பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். போன விடுமுறையில் நாலு நாள் கொழும்பில் நின்றேன். அதில் ஒரு முழு நாள் ஒரே ஒரு சிலைக்கு முன்னால் போய்விட்டது. அந்த நாளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து இரவு ரயில் ஏறினோம். நானும் அக்காவின் மகளும். அவளுக்கு 13 வயது. கொழும்புத் தேசிய அருங்காட்சியகம் 1877 இல் திறந்தது, பெரிய வெள்ளைக் கட்டடம். அங்கே பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவியின் சிலைக்குப் பிரதி ஒன்று இருக்கிறது. மூலச் சிலை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். அது கண்டெடுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம்முடைய கிழக்குக் கரை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். எட்டாம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்து, மேலே பொன் பூசியிருக்கிறார்கள். உயரம் 143 சென்ரிமீற்றர், ஏறக்குறைய என் பெறாமகளின் உயரம். இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830 இல் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மேலாடை இல்லாத பெண் உருவம் என்பதால், பல வருடம் பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளே வைத்திருந்தார்கள். நம் கரையில் கிடைத்த ஒன்றை நாம் பிரதியில் பார்க்கிறோம் என்பது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பிரதியாவது இருக்கிறதே என்று கொப்பியைத் திறந்தேன்.

முதல் அரை மணி நேரம் பென்சில் தாளைத் தொடவில்லை. இடுப்பு ஒரு பக்கம் மெல்ல ஒதுங்குகிறது, தோள் அதற்கு ஈடு கொடுக்கிறது. வலது கை வரம் தருகிறது. இடது கை விரல்கள் ஏதோ பூவைப் பிடித்திருந்த பாவனையில் இருக்கின்றன, பூ இல்லை. மூன்று தரம் வரைந்தேன், மூன்றும் மரக்கட்டை மாதிரி வந்தது. அப்புறம் கையை வரைவதை விட்டுவிட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் வெளியை வரைந்தேன். நீண்டு ஒடுங்கிய இலை போல ஒரு வடிவம். அது சரியாக வந்ததும் கை தானாக வந்து நின்றது.

"சித்தி, வேற ஒண்டும் பாக்கேல்லையா?" என்றாள் பெறாமகள். அவள் அதற்குள் மேல்மாடி வரை சுற்றிவிட்டு வந்திருந்தாள். "இரு பிள்ளை, நீயும் அந்த வெளியை மட்டும் ஒருக்கா வரைஞ்சு பார்" என்று ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மூடுகிற நேரம் என்று காவலாளி வந்து சொல்லும் வரை அவள் எழும்பவில்லை.

அன்றிரவு படுத்திருந்தபோது ஒன்று உறைத்தது. நம் கோணேசர் கோயில் செப்புத் திருமேனிகளை நான் சின்ன வயது முதல் கும்பிடுகிறேன். 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியில் கிடைத்தவை. போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்த காலத்தில் யாரோ காப்பாற்றிப் புதைத்தவை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தத் திருமேனிகளின் இடுப்பு வளைவை நான் கண்டதே இல்லை. பட்டும் மாலையும் சாத்தியிருக்கும், முகம் மட்டுந்தான் தெரியும். கொழும்பில் உடம்பைப் பார்த்தேன், ஊரில் முகத்தைப் பார்க்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாலைப் பூசைக்குப் போனேன். தீபம் கீழிருந்து மேலே போகும்போது இமையின் ஓரமும் உதட்டின் ஓரமும் அசைவது போல இருந்தது. அருங்காட்சியகத்தில் வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கிறது, அங்கே இந்த அசைவு கிடைக்காது. மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிற கலை இது. மெழுகைத் தொடும்போதே அந்தக் கலைஞர் தீபத்தை மனதில் வைத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கொழும்பில் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பார்ன்ஸ் பிளேசில் சபுமல் பவுண்டேஷன் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943 இல் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் அந்த வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. வீட்டு வெளிச்சத்தில் படம் பார்ப்பது தனிச் சுகம், கட்டாயம் போங்கள். வர்ணக் கடையில் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் பத்து வாங்கினேன். விலை அதிகந்தான். நீர்வர்ணத் தாளில் பசை ஏற்றியிருப்பார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அந்தப் பசை கெட்டால் வர்ணம் திட்டுத் திட்டாக உறிஞ்சும். அதனால் பொலித்தீனில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன். படம் வரையும் பிள்ளைகளும் அப்படியே செய்யலாம்.

ஆனால் நிறத்துக்கு நான் போவது இங்கே நம் கடைத்தெருவில் உள்ள ஒரு துணிக்கடைக்கு. மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள் அடுக்கியிருக்கும். பச்சை நூலும் சிவப்பு நூலும் குறுக்கே ஓடுகிற கட்டத்தைத் தள்ளி நின்று பாருங்கள், ஒரு மண்ணிறம் தெரியும். கிட்டப் போனால் அது இல்லை, இரண்டு நூல்தான். வர்ணத் தட்டில் கலக்காமல் கண்ணுக்குள்ளேயே கலக்கிற நிறம். கடைக்கார ஐயா முதலில் என்னை வாங்காமல் போகிறவள் என்று பார்த்தார். இப்போது புதுக்கட்டு வந்தால், "ரீச்சர், இதைப் பாருங்கோ" என்று விரித்துக் காட்டுகிறார்.

என் கொப்பியின் இடது பக்கத்தில் தாரா இருக்கிறாள். வலது பக்கம் இன்னும் வெறுமை. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது, தீவட்டி வெளிச்சத்தில் அந்த முகத்தை வரையப் போகிறேன். பெறாமகளும் ஒரு கொப்பி கேட்டிருக்கிறாள், வாங்கி வைத்துவிட்டேன். வணக்கம்.