லிங்கனைப் பத்தின புக்கும் அந்தத் தியேட்டர் புத்தகக் கடையும்

வணக்கம். நான் ஹைஸ்கூல்ல முப்பது வருஷத்துக்கு மேல வரலாறு எடுத்த வாத்தியார், இப்போ ரிட்டையர் ஆகி பேரன் பேத்தியோட இருக்கேன். ரேடியோ நிலையத்துல இருந்து போன் பண்ணி எதைப் பத்தி வேணா பேசுங்க சார்னு சொன்னப்போ எனக்கு உடனே ஞாபகம் வந்தது, போன மாசம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு போன்ல கேட்ட கேள்விதான். அதுக்கு அப்புறமா வர்றேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி. வாஷிங்டன்ல பத்தாவது தெருவுல ஃபோர்ட்ஸ் தியேட்டர்னு ஒரு நாடகக் கொட்டகை. பிரிஞ்சு போன தெற்கு மாகாணங்களோட தளபதி ஜெனரல் லீ சரணடைஞ்சு அஞ்சே நாள், உள்நாட்டுப் போர் முடிஞ்ச மாதிரிதான், ஊரே கொண்டாட்டத்துல இருக்கு. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், அவர் மனைவி மேரி, கூட மேஜர் ராத்போன்னு ஒரு ஆபீசர், அவர் கட்டிக்கப்போற பொண்ணு கிளாரா ஹாரிஸ், இவங்க நாலு பேரும் மேடைக்கு மேல இருக்கிற பாக்ஸ்ல உக்காந்து ஒரு சிரிப்பு நாடகம் பாத்துக்கிட்டு இருக்காங்க. ராத்திரி பத்தேகால் வாக்குல ஜான் வில்க்ஸ் பூத், 26 வயசு, ஊருக்கே தெரிஞ்ச நடிகன், பின்பக்கமா வந்து ஒரே ஒரு குண்டு மட்டும் போடக்கூடிய உள்ளங்கை அளவு துப்பாக்கியால லிங்கன் தலையில சுட்டுட்டு, பிடிக்க வந்த மேஜரைக் கத்தியால கிழிச்சுட்டு, பாக்ஸ்ல இருந்து மேடைக்கே குதிச்சு ஓடிட்டான். லிங்கனை எதிர்த்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, அங்க இருந்த கட்டில் அவர் உயரத்துக்குப் பத்தல, குறுக்கா படுக்க வச்சாங்க, மறுநாள் காலையில 7 மணி 22 நிமிஷத்துக்கு உயிர் போச்சு.

இதைக் கேக்குறப்பவே நெஞ்சு அடைக்குது இல்லையா. இதுக்கு மேல ஒரு வரி கூட்டிச் சொல்ல அவசியமே இல்ல. ஆனா கூட்டித்தான் சொல்லிட்டு வர்றாங்க, நூத்தம்பது வருஷத்துக்கு மேல.

2011ல அமெரிக்காவுல ஒரு புக்கு வந்துச்சு, கில்லிங் லிங்கன்னு பேரு. பில் ஓ'ரைலின்னு அப்போ டிவியில ரொம்பப் பிரபலமா இருந்தவர், மார்ட்டின் டுகார்ட்ங்கிற எழுத்தாளரோட சேர்ந்து எழுதுனது. த்ரில்லர் மாதிரி எழுதி இருப்பாங்க, எடுத்தா வைக்க முடியாது, நானும் ரெண்டே நாள்ல படிச்சேன், லட்சக்கணக்குல வித்த புக்கு. வரலாறு பக்கமே திரும்பாத ஆளுங்க கூட வாங்கிப் படிச்சாங்க, அதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான், நாப்பது பிள்ளைங்க கொட்டாவி விடுற கிளாஸ்ல நின்னு பேசுனவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

புக்கு வந்து ரெண்டு மாசத்துல ஒரு தகராறு. லிங்கன் சுடப்பட்ட அதே ஃபோர்ட்ஸ் தியேட்டரை இன்னைக்கும் தேசியப் பூங்கா சேவைன்னு ஒரு அரசாங்கத் துறைதான் பாத்துக்குது, கீழ்த்தளத்துல மியூசியம், அதுல ஒரு புத்தகக் கடை. அந்தக் கடையில வைக்கிற புக்கையெல்லாம் முதல்ல படிச்சுப் பாத்துட்டுத்தான் வைப்பாங்க. இந்தப் புக்கை அங்க துணைக் கண்காணிப்பாளரா இருந்த ஒரு அம்மா பக்கம் பக்கமா படிச்சு, எங்கெங்க தப்புன்னு குறிச்சு, இதை நம்ம கடையில விக்க வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அதே கட்டடத்துல மேல தியேட்டர் சங்கம் நடத்துற இன்னொரு கடை இருக்கு, அங்க தாராளமா வித்தாங்க. ஒரே கட்டடம், மாடிப்படி ஏறுனா புக்கு கிடைக்கும், இறங்குனா கிடைக்காது.

என்ன தப்புன்னு கேப்பீங்க. லிங்கன் ஓவல் ஆபீஸ்ல, அதாவது இன்னைக்கு வெள்ளை மாளிகையில ஜனாதிபதி உக்கார்ற முட்டை வடிவ ரூம்ல, இருந்தாருன்னு எழுதியிருக்காங்க. ஓவல் ஆபீஸ் கட்டுனதே 1909ல, டாஃப்ட் ஜனாதிபதியா இருக்கிறப்போ, லிங்கன் செத்து 44 வருஷம் கழிச்சு. லிங்கனுக்கு ஆபீஸ் வெள்ளை மாளிகையில ரெண்டாவது மாடியில இருந்துச்சு, இன்னைக்கு லிங்கன் பெட்ரூம்னு சொல்றாங்களே அந்த ரூம்தான். அப்புறம் தியேட்டர் தீப்பிடிச்ச வருஷம். 1862 டிசம்பர் 30ல எரிஞ்சதை 1863ன்னு போட்டிருக்காங்க. இப்படி இன்னும் சிலது. ஆதாரம் எங்கேன்னு பாத்தா பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பும் கிடையாது.

ஓ'ரைலி தரப்புல என்ன சொன்னாங்கன்னா, முன்னூத்திச் சொச்சம் பக்கத்துல விரல் விட்டு எண்ணுற அளவு சின்னச் சின்னப் பிழைதான், அதையும் திருத்திட்டோம், எங்களைப் பிடிக்காதவங்க இதைப் பெருசு பண்றாங்கன்னு. அவங்க திருத்துனது நல்லது, அதைச் சொல்லித்தான் ஆகணும். எந்தப் புக்குலதான் பிழை இல்ல, நாங்க நடத்துன பாடப் புத்தகத்துலயே நான் சிவப்பு மையில திருத்தி இருக்கேன். ஆனா முதல் பதிப்பை வாங்கி வீட்டு அலமாரியில வச்சிருக்கிறவன் கதவைத் தட்டி யாரு போய் 44ஆம் பக்கத்தை மாத்திக்கோப்பான்னு சொல்லப் போறாங்க? அது அப்படியேதான் இருக்கும், அவன் பிள்ளை படிக்கும்.

ஓவல் ஆபீஸ் தப்பைக் கூட நான் விட்டுடுவேன். அதுல யாருக்கும் வலி இல்ல. என்னால விட முடியாதது மேரி சர்ராட் விஷயம்.

மேரி சர்ராட்ங்கிறது ஒரு விதவை அம்மா, வாஷிங்டன்ல எச் தெருவுல ஆளுங்களைத் தங்க வச்சு சாப்பாடு போடுற வீடு நடத்திட்டு இருந்தாங்க, பூத் அந்த வீட்டுக்கு வந்து போய்ட்டு இருந்தான், அவங்க மகன் ஜான் அவனுக்குக் கூட்டாளி. மகன் வெளிநாட்டுக்கு ஓடிட்டான், அம்மா மாட்டிக்கிட்டாங்க. ராணுவக் கோர்ட்டு விசாரிச்சுச்சு, 1865 ஜூலை 7ஆம் தேதி அந்தச் சதிக் கேசுல மாட்டின மத்த மூணு பேரோட சேர்த்துத் தூக்குல போட்டாங்க, அமெரிக்க மத்திய அரசு தூக்குல போட்ட முதல் பொம்பளை அவங்கதான். தண்டனை கொடுத்த ஒன்பது ஆபீசர்ல அஞ்சு பேர், வயசையும் பொம்பளைங்கிறதையும் பாத்து உயிரை விட்டுடலாம்னு மனு எழுதி அனுப்புனாங்க, அப்போ ஜனாதிபதியா இருந்த ஆண்ட்ரூ ஜான்சன் அது என் கண்ணுலயே படலன்னு பின்னாடி சொன்னாரு. அந்தம்மா குற்றவாளியா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு.

இந்தப் புக்குல அவங்களை மான்டாக்னு ஒரு போர்க் கப்பல்ல அடைச்சு, தலையில பஞ்சு வச்ச முகமூடி மாட்டி விட்டதா வருது. படிக்கிறப்போ பதறும். ஆனா கப்பல்ல அடைச்சதும் முகமூடி போட்டதும் பிடிபட்ட ஆம்பளைங்களுக்கு, அந்தம்மாவை முதல்ல பழைய கேபிடல் ஜெயில்லயும் அப்புறம் ஆர்சனல் சிறையிலயும்தான் வச்சிருந்தாங்க. அவங்க பட்டது போதாதா? தூக்குக் கயிறு போதாதா? செத்துப் போனவங்க எழுந்து வந்து எனக்கு அப்படி நடக்கலன்னு சொல்ல முடியாது, அதனாலதான் எழுதுறவன் கூடுதலா பயந்து எழுதணும்னு நான் நினைக்கிறேன்.

பழி போடுறதும் இதே வழியிலதான் நடக்குது. 1937ல ஓட்டோ ஐசன்ஷிமல்னு சிகாகோவுல ஒரு கெமிஸ்ட் ஒரு புக்கு எழுதினாரு. லிங்கனோட போர் அமைச்சர் ஸ்டான்டனே இதுக்குப் பின்னாடி இருந்தாரோன்னு நேரா சொல்லல, கேள்வி கேள்வியா கேட்டுக்கிட்டே போனாரு, இது ஏன் அப்படி, அது ஏன் இப்படின்னு, படிச்சு முடிக்கிறப்போ வாசகனே முடிவு கட்டிடுவான். பூத்தோட டைரியில சில பக்கம் கிழிஞ்சிருக்கு, அதுவும் வசதியாப் போச்சு. 1977ல காணாமப்போன பக்கம் கிடைச்சிருச்சுன்னு புக்கும் சினிமாவும் வந்துச்சு, அந்த ஒரிஜினல் பக்கம் மட்டும் கடைசி வரை வெளிய வரவே இல்ல, அதே வருஷம் டைரியை எஃப்பிஐ லேப்ல வச்சுப் பாத்தாங்க, மறைவா எழுதுனது ஒண்ணும் இல்ல. 1983ல வில்லியம் ஹான்செட்ங்கிற பேராசிரியர் உக்காந்து ஐசன்ஷிமல் வாதத்தை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்துட்டாரு. ஆனா யாரு படிச்சா அதை? லிங்கன் சுடப்பட்ட ராத்திரி பூரா அந்த எதிர்த்த வீட்டுல உக்காந்து ஆளுங்களை விசாரிச்சு, தந்தி அனுப்பி, அரசாங்கத்தை நடத்துனது ஸ்டான்டன்தான். கில்லிங் லிங்கன்லயும் அவர் பேருல அந்தச் சந்தேகத்தோட நிழல் விழுது, அது எனக்குக் கோவத்தையே வரவழைச்சுச்சு.

என் மக வெர்ஜினியாவுல இருக்கா, அவ வீட்டுக்குப் போயிருந்தப்போ அந்தத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா. கீழ மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூத்தோட துப்பாக்கி, என் கையை விடச் சின்னது, பக்கத்துல அந்த டைரி. நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன், மக வந்து அப்பா போலாம்னு தோளைத் தொட்டப்பதான் நகர்ந்தேன். மனசுல ஓடுனது என் கிளாஸ்தான். ஏன்னா நானும் ஒரு பொய்யை வருஷக்கணக்கா சொல்லிக் கொடுத்திருக்கேன்.

லிங்கன் கனவு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சாகுறதுக்குச் சில நாள் முன்னாடி அவர் கனவுல அழுகைச் சத்தம் கேக்குது, இறங்கி வந்து பாக்குறாரு, கிழக்கு ஹால்ல ஒரு பிணம், காவல் சிப்பாய்கிட்ட யாரு செத்ததுன்னு கேக்குறாரு, ஜனாதிபதின்னு சொல்றான். நான் இதைக் குரலை இறக்கிச் சொல்வேன், கிளாஸ் அப்படியே உறைஞ்சு போகும். இது எங்க இருந்து வந்துச்சுன்னு ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம்தான் தேடிப் பாத்தேன். லிங்கனோட நண்பர் வார்ட் ஹில் லேமன் பேருல 1895ல வந்த புக்குல இருக்கு, சம்பவம் நடந்து முப்பது வருஷம் கழிச்சு, லேமனே செத்த பிறகு அவர் மக தொகுத்துப் போட்டது. அதுல லிங்கன் சொல்றாரு, போர் முனையில இருந்து தகவல் வரும்னு காத்திருந்து லேட்டா படுத்தேன், பத்து நாள் முன்னாடின்னு. மார்ச் 24ல இருந்து ஏப்ரல் 9 வரைக்கும் லிங்கன் வாஷிங்டன்லயே இல்ல, சிட்டி பாயிண்ட்னு போர் முனையிலயேதான் இருந்தாரு! அவர் செத்த வாரத்துல நாடே அவரைப் பத்திப் பேசுச்சு, இந்தக் கனவைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை எழுதல.

இப்போ அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் போன் பண்ணி, சார், நீங்க சொன்ன லிங்கன் கனவை என் பையனுக்குச் சொன்னேன், ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்கு அதையே எழுதிக் கொடுக்கப் போறேன்னு சொன்னா. எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. வேணாம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன், அதை நம்ப முடியாதுன்னு சொல்லி விளக்குனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், அப்போ பையனுக்கு எதைச் சார் சொல்றதுன்னு கேட்டா.

கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸ் டைரியில ஒரு கனவு இருக்கும்மா, லிங்கன் சுடப்பட்ட அன்னைக்குக் காலையில அமைச்சரவைக் கூட்டத்துல அவரே சொன்னது, ஏதோ ஒரு கப்பல் மாதிரி ஒண்ணுல ஏறி, எதுன்னு தெளிவாத் தெரியாத ஒரு கரையைப் பாத்து வேகமாப் போறேன்னு, அதைச் சொல்லுன்னேன். அதோட அன்னைக்கு ராத்திரி அவர் பாக்கெட்டுல இருந்ததைச் சொல்லு. குடும்பத்துல பத்திரமா வச்சிருந்து 1937ல பேத்தி நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தாங்க, அங்க இன்னும் இருக்கு. ரெண்டு மூக்குக்கண்ணாடி, அதுல ஒண்ணு உடைஞ்சு நூல் சுத்திக் கட்டினது. ஒரு பேனாக்கத்தி, கைக்குட்டை, தோல் பர்ஸ், பர்ஸுக்குள்ள பத்திரிகையில வெட்டி எடுத்த ஒன்பது துண்டுகள், அப்புறம் தெற்கு மாகாணங்களோட அஞ்சு டாலர் நோட்டு ஒண்ணு.

மறுநாள் பையனே போன்ல வந்தான். தாத்தா, சண்டை போட்ட எதிரியோட காசு அவர் பர்ஸ்ல எதுக்கு இருந்துச்சுன்னு கேட்டான். ஏப்ரல் 4ஆம் தேதி எதிரியோட தலைநகரம் ரிச்மண்டுக்கு லிங்கன் நேர்ல போயிருந்தாருப்பா, அங்க ஞாபகத்துக்கு வாங்கினதா இருக்கலாம்னு சொல்றாங்க, ஆனா அதை யாரும் எழுதி வைக்கல, மேடையில பேசுறப்போ அதையும் சேத்தே சொல்லுன்னு சொன்னேன். சரி தாத்தான்னு எழுதிக்கிட்டான்.