கடலோர வெயிலுக்கு ஷார்ட்ஸ்: துணி, அளவு, தொடை உரசல்

(காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, மே மாத மத்தியானம்)

வணக்கம். புதுச்சேரியிலயும் கடலூர்லயும் நம்மளை வாட்டுறது வெயில் மட்டும் இல்ல, புழுக்கமும்தான். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும். இங்க காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கறதால வேர்வை காயாம தோல்லயே நிக்குது. அதனால ஷார்ட்ஸ் எவ்வளவு குட்டைங்கறதை விட, அதுக்குள்ள காத்து போய் வருதாங்கறதுதான் முக்கியம்.

முதல்ல தொடைச் சுத்தளவு. தொடையோட பருமனான இடத்துல டேப் வைங்க. 22 அங்குலம்னு வச்சுக்குவோம். ஷார்ட்ஸைத் தரையில விரிச்சு, கால் வாயோட அகலத்தை அளந்து ரெண்டால பெருக்குங்க. 13 அங்குலம் இருந்தா 26. தொடையை விட 4 அங்குலம் கூட. இது சரியான அளவு. 2 அங்குலம்தான் கூடன்னா, நிக்கும்போது அழகாத் தெரியும். உட்கார்ந்ததும் தொடை விரிஞ்சு துணி ஒட்டிக்கும்.

நீளத்தைக் கவட்டுத் தையல்ல இருந்து கீழ் மடிப்பு வரைக்கும் அளக்கணும். 5 அடி 6 அங்குல உயரத்துக்குப் பெரும்பாலும் 7 அங்குலம் போதும். அதைவிட உயரமானவங்க 8, 9 பார்க்கலாம். முட்டியை மூடுற முக்கால் நீளம் இந்த ஊருக்கு வேண்டாம். வேர்வையில நனைஞ்ச துணி ஒவ்வொரு அடிக்கும் முட்டியில சிக்கி இழுக்கும்.

(காட்சி: காந்தி வீதி சண்டே மார்க்கெட்)

சண்டே மார்க்கெட் மாதிரி நடைபாதைக் கடையில போட்டுப் பார்த்து வாங்க வசதி இருக்காது. வீட்ல உங்களுக்குச் சரியா இருக்கற ஷார்ட்ஸோட இடுப்பு, கால் வாய், உள் நீளம் மூணையும் குறிச்சு, ஒரு டேப்போட போங்க. லேபிள்ல 34னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, அளந்து பாருங்க.

துணி காட்டனா, லினனா இருக்கட்டும். 140லிருந்து 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு) வரைக்கும் நல்லது. அதைவிட ரொம்ப மெல்லிசா இருந்தா நனைஞ்சதும் உள்ள இருக்கறது தெரியும். ஜீன்ஸ் துணி இதுல ரெண்டு மடங்கு கனம், காயவும் நேரமாகும். கடல்ல குளிக்க, ஓட மட்டும் மெல்லிய பாலியெஸ்டர் நல்லது. தண்ணியைப் பிடிச்சு வைக்காது, சீக்கிரம் காயும். வெளிர் சாம்பல் நிறத்துல வேர்வை திட்டுத்திட்டாத் தெரியும். கருநீலத்துல தெரியாது.

பாக்கெட்டுக்குள்ள கை விட்டுப் பாருங்க. வெளியில காட்டன், உள்ள வழவழன்னு பாலியெஸ்டர் பை வச்சுத் தைக்கறது ரொம்ப சகஜம். தொடையில முதல்ல வேர்க்கறது அங்கதான். ஆழம் 7 அங்குலமாவது வேணும். இல்லன்னா ஸ்கூட்டர்ல உட்காரும்போது போன் நழுவி விழும்.

இப்போ தொடை உரசல். இதைப் பத்தி வெக்கப்படாமப் பேசணும். தொடைகள் ஒண்ணோட ஒண்ணு உரசறவங்களுக்குக் குட்டை ஷார்ட்ஸ் ஆகாது. வேர்வை காஞ்சு மிஞ்சற உப்பு, தோலை அரம் மாதிரி தேய்க்கும். உள்ள 6 அங்குலக் கால் உள்ள டிரங்க் ஜட்டி போடுங்க, இல்லன்னா கிளம்பறதுக்கு முன்னாடி உள்தொடையில மெல்லிசா வாசலின் தடவுங்க. கவட்டுல நாலு தையலும் ஒரே புள்ளியில சேராம, டைமண்ட் வடிவத் துண்டு வச்சுத் தைச்ச ஷார்ட்ஸ் கிடைச்சா விடாதீங்க.

வட்டமா, ஓரம் சிவந்து அரிச்சா அது உரசல் இல்ல, படர்தாமரையா இருக்கலாம். மருந்துக் கடையில கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீங்க. அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளுக்குள்ள பரவிக்கிட்டே இருக்கும். தோல் டாக்டரைப் பாருங்க.

பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டர்ல ஷார்ட்ஸோட போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில தூரப் பயணம்னா முழு பேண்ட்தான். விழுந்தா தார்ச்சாலை தோலை உரிச்சிடும். கோயிலுக்குப் போறதா இருந்தா பையில ஒரு வேட்டி இருக்கட்டும்.

(காட்சி: கடலூர் சில்வர் பீச், சாயங்காலம்)

புதுக் காட்டனை ஆல்ட்ரேஷனுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டுக் காய வைங்க. சுருங்கறது முதல்லயே சுருங்கிடும். கடல்ல நனைஞ்ச ஷார்ட்ஸை அன்னிக்கே நல்ல தண்ணியில ரெண்டு முறை அலசணும். துணியில தங்கின உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், எத்தனை வெயில்ல போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. பாக்கெட்டை வெளியே இழுத்து விட்டு, உள்பக்கம் மேல தெரியற மாதிரி கொடியில போடுங்க.