சோழவரத்தில் ஓட்டிய மில் முதலாளி

வணக்கம் நேயர்களே. கார் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. ஆனால் அந்த வேலியைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டவரும் ஒரு பணக்காரர்தான். கோவை பஞ்சாலைக் குடும்பத்து கரிவரதன். பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ‘கரி’.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அதில் கார்களும் பைக்குகளும் ஓடின. இறக்குமதிக்கு ஆயிரம் கெடுபிடி இருந்த காலம் அது. நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். 1980களில் விஜய் மல்லையா, உலகின் உச்சக் கார் பந்தயமான ஃபார்முலா ஒன்னில் ஓடும் வகை என்சைன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. சரி, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

கரியும் சோழவரத்தில் ஓட்டினார். ஆனால் ஓட்டுவதோடு நிற்கவில்லை, காரையே இங்கே கட்டினார். கோவையில் லேத் பட்டறைக்கும் ஃபவுண்டரிக்கும் பஞ்சமா என்ன! தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். எல்லோரும் அதே வகைக் காரில் மோதும் ஃபார்முலா மாருதி பந்தயம் பிறந்தது. எஞ்சின் 800 சிசிதான். அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். தரையை ஒட்டி, கிட்டத்தட்டப் படுத்தபடி, சக்கரங்கள் வெளியே தெரிய ஓட்டும்போது அந்த வேகமே போதும் போதும் என்றாகிவிடும். எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அப்பா வாங்கித் தந்த கார் என்று யாரும் மார்தட்ட முடியாது. வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறாய் என்பதுதான் கணக்கு. உதிரிபாகமும் உள்ளூரிலேயே கிடைக்கும். மில் நடத்தியவருக்கு இந்தச் செலவுக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே வந்துவிட்டது. அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, முதல் மூன்று பேருக்கான மேடை ஏறினான் கோவைப் பையன் ஒருவன். பெயர் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதை கரி பார்க்கவில்லை. 1995இலேயே விமான விபத்தில் போய்விட்டார்.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. பந்தய நாளாகப் பார்த்துப் போங்கள். சத்தம் ஆகாதவர்கள் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்; கோவையில் அதற்கும் பஞ்சமில்லை.